பூவேலை இல்லாத ஸ்பானியத் துவக்கு

கூர் நகரத்துத் துவக்குக் கடைக்காரரை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் கோபம் வருகிறது. இத்தனை வருடத்துக்குப் பிறகும் ஏன் அதைத் தூக்கிக்கொண்டு திரிகிறாய் என்று மனைவி கேட்பாள். இறக்கி வைக்க மனமில்லை, அவ்வளவுதான்.

எண்பதுகளின் நடுவில் சுவிட்சர்லாந்தின் டாவோசில் ஒரு ஹோட்டல் சமையலறையில் நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். ஊரில் செய்த வேலை வேறு. கிளிநொச்சியில் கமக்காரர்களுக்குச் சாமான் விற்கும் கடையில் ஏழு வருடம் நின்றேன். மண்வெட்டி, உரம், மருந்தடிக்கும் மெஷின் எல்லாம் விற்போம். பன்றி இறங்கும் வயல்காரருக்கு, லைசென்ஸ் இருந்தால், துவக்கும் தோட்டாவும் விற்போம். பழுதான துவக்குகளைக் கழற்றித் துடைத்துப் பூட்டுவது என் பொறுப்பு. இங்கிலாந்துத் துவக்குக்கு வசதியில்லாதவர்கள் ஸ்பெயினில் செய்ததை வாங்குவார்கள். அவற்றில் நல்லதும் இருக்கும், குப்பையும் இருக்கும். பார்த்து எடுக்கத் தெரிய வேண்டும்.

அகதி விசாரணையில் என்ன வேலை செய்தாய் என்று கேட்டபோது இதை உள்ளபடி சொன்னேன். எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். பிறகு யாருக்கு விற்றாய் என்ற ஒரே கேள்வி பல விதமாக வந்தது. பன்றிக்கு என்று எத்தனை தரம் சொல்வது? அதே கடையில் மண்வெட்டியும் விற்றேன். அதைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. அன்றோடு அந்த வேலையைப் பற்றி யாரிடமும் வாய் திறப்பதில்லை என்று முடிவு செய்தேன்.

வாய் திறக்க வைத்தவர் எங்கள் சமையலறையில் சலாட்டுக்கும் குளிர் இறைச்சிக்கும் பொறுப்பாக இருந்த சுவிஸ் பெண்மணி. ஐம்பது வயதிருக்கும், கணவர் இல்லை. அந்த வசந்தத்தில் வேட்டை லைசென்சுக்கான பரீட்சை எழுதிச் சித்தியடைந்திருந்தார். அந்த நாளில் அந்த மலைப்பக்கத்தில் வேட்டைக்குப் போகும் பெண்கள் அருமை. தகப்பனாரின் துவக்கை, வேட்டைப் பக்கமே போகாத தம்பி தன் வீட்டுச் சுவரில் மாட்டி வைத்திருந்தான். கேட்டதற்கு, அது ஆண்பிள்ளைக்கு வருவது என்றானாம். அதனால் தன் சம்பளத்துக்குக் கட்டுப்படியான ஒன்றைத் தேடினார். முயலுக்கும் மலைக்கோழிக்கும் இரண்டு குழலும் பக்கம் பக்கமாக உள்ள துவக்குத்தான் வேண்டும், ஸ்பெயினில் செய்ததுதான் தனக்குக் கட்டும் என்றார்.

சமையல்காரர்கள் சிரித்தார்கள். ஸ்பானியத் துவக்கு இரண்டு சீசனில் கழன்றுவிடும், பெண்ணுக்கு அதுவும் போதும் என்றான் ஒருவன். நான் சட்டி தேய்த்துக்கொண்டே, எல்லாம் அப்படி இல்லை, குழல் வந்து பொருந்தும் பூட்டைப் பார்த்து எடுத்தால் முப்பது வருடம் நிற்கும் என்று எனக்குத் தெரிந்த ஜெர்மனில் சொல்லிவிட்டேன். அவர் மட்டும் திரும்பிப் பார்த்தார். அடுத்த லீவு நாளில் தன்னோடு கூருக்கு வர முடியுமா என்று கேட்டார்.

என்னோடு அறையில் இருந்த பருத்தித்துறை அண்ணைக்கு அது பிடிக்கவில்லை.

"உனக்கென்ன விசரே? அகதிக் கடுதாசியோடை துவக்குக் கடைக்குள்ளை போய் நிக்கப் போறியோ? பொலிஸ் வந்தா ஆர் உனக்காகக் கதைக்கிறது?"

"நான் வாங்கப் போகேல்லை அண்ணை. பாத்துச் சொல்லத்தான் போறன்."

"பாக்கிறதுக்கும் அவங்கள் ஒரு பேர் வைச்சிருப்பாங்கள்," என்றார் அவர்.

கடையில் இரண்டு ஸ்பானியத் துவக்குகள் இருந்தன. ஒன்றின் பக்கத் தகட்டில் பூவும் கொடியும் பறவையுமாகச் செதுக்கியிருந்தார்கள். மற்றது வெறும் சாம்பல் நிறம், ஒரு கோடு கிடையாது. கடைக்காரர் பூவேலை செய்ததை எடுத்துப் பெண்மணியின் கையில் கொடுத்தார். நான் கிட்டப் போய்க் கையை நீட்டியதும் கடைக்காரர் துவக்கைத் திருப்பி வாங்கி மேசைக்கு அந்தப் பக்கம் வைத்துவிட்டார். என்னைப் பார்க்காமல் அவரிடம் கேட்டார், இந்த ஆள் யார், இவன் இங்கே நிற்க வேண்டுமா என்று. தன்னோடு வேலை செய்பவர், துவக்குத் தெரிந்தவர் என்று அவர் சொன்னார். இவர்களின் நாட்டில் இதை எதற்குப் பாவிக்கிறார்கள் என்று பத்திரிகையில் பார்க்கிறோம்தானே, வெளியே நிற்கட்டும் என்றார் கடைக்காரர்.

அதையாவது பொறுத்திருப்பேன். பெண்மணி என் பக்கம் திரும்பி, ஐந்து நிமிடம் வெளியே நிற்க முடியுமா என்று மெல்லக் கேட்டார். அதைத்தான் பொறுக்க முடியவில்லை.

மழை தூறிக்கொண்டிருந்தது. கண்ணாடிக்கு வெளியே நின்று, கடைக்காரர் அந்தப் பூக்களை ஒவ்வொன்றாக விரலால் தொட்டுக் காட்டுவதைப் பார்த்தேன். ஒரு தரம்கூட அவர் பூட்டைத் திறந்து காட்டவில்லை. ஐந்து நிமிடம் அரை மணித்தியாலம் ஆனது. பெண்மணி நீளப் பெட்டியோடு வெளியே வந்தார். ரயிலில் நான் தள்ளிப்போய் உட்கார்ந்தேன்.

மறுநாள் மதிய வேலை முடிந்ததும் சலவை மடிக்கும் அறைக்கு என்னைக் கூப்பிட்டார். பெட்டி மேசையில் திறந்திருந்தது. பார்க்கச் சொன்னார். எனக்குப் பார்க்க மனமில்லை. ஆனால் கை கேட்கவில்லை.

குழலுக்குக் கீழே இருக்கும் முன்கட்டையைக் கழற்றி, பிடியைப் பிடித்து மெல்ல ஆட்டினேன். டக், டக் என்றது. குழல்களைத் தனியே தொங்கவிட்டு விரல் முட்டியால் தட்டினேன். நல்ல குழல் மணிபோலக் கேட்கும். இது உடைந்த சட்டிபோலக் கேட்டது. குழல் வந்து பொருந்தும் இடத்தில் சிகரெட் தாளில் ஒரு கீற்றை வைத்துப் பூட்டி இழுத்தேன். இறுக்கமான துவக்கென்றால் தாள் கிழியும். இது கையோடு வந்தது.

"இது புதிசில்லை," என்றேன். "நல்லாப் பாவிச்ச துவக்கு. மினுக்கிப் புதிசெண்டு தந்திருக்கிறார்."

அவர் கதிரையில் உட்கார்ந்துவிட்டார். அப்போது அவர் சொன்னதை நான் என் தமிழில்தான் நினைவு வைத்திருக்கிறேன்.

"நான் உங்களை வெளியிலை விட்டது பிழை. அந்தாளுக்கு முன்னாலை எனக்குப் பயம் வந்திட்டுது."

பரவாயில்லை என்று சொல்வதுதான் வழக்கம். நான் சொல்லவில்லை. ஓம், பிழைதான் என்றேன்.

அடுத்த லீவு நாளில் திரும்பப் போனோம். இந்த முறை அவர் கதவைத் திறந்து பிடித்து, என்னை முதலில் உள்ளே போகச் சொன்னார். கடையில் வயதான வேட்டைக்காரர் ஒருவர் தோட்டா வாங்கிக்கொண்டு நின்றார். விற்ற பொருளைத் திருப்பி எடுப்பதில்லை என்றார் கடைக்காரர். பெண்மணி பெட்டியைத் திறந்து வைத்து, சிகரெட் தாளை என் கையில் தந்து, செய்து காட்டுங்கள் என்றார்.

செய்து காட்டினேன். தாள் வழுக்கிக்கொண்டு வந்தது. எனக்குப் பிடிக்கத் தெரியவில்லை என்று கடைக்காரர் சிரித்தார். அப்போது அந்த வேட்டைக்காரர் கிட்ட வந்து துவக்கை வாங்கி, தானே தாளை வைத்துப் பூட்டி இழுத்தார். தாள் வந்தது. குழலை ஆட்டிப் பார்த்தார்.

"இவர் சொல்லுறது சரி," என்றார்.

கடைக்காரரின் முகம் அப்போதுதான் மாறியது. இரண்டு நிமிடத்துக்கு முன் என் கையில் நடந்ததும் அதேதான். அந்தத் தாளுக்கு இன்னொருவனின் கை தேவைப்பட்டது. வென்றுவிட்டோம் என்று பெண்மணி என்னைப் பார்த்துச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அதற்கு மாற்றாகப் பூவேலை இல்லாத துவக்கை எடுக்கச் சொன்னேன். மூன்று சோதனையும் செய்தேன். தாள் கிழிந்தது, குழல் நீளமாக மணியடித்தது. குழலின் அடியில், வெடித்துச் சோதித்ததற்கான ஸ்பானியச் சோதனைச்சாலை முத்திரைகள் தெளிவாக இருந்தன. பிடிக்கட்டை பெண்மணிக்கு ஒரு விரல் அகலம் நீளம் கூட. குறைத்துத் தர வேண்டும் என்றேன். குறைத்துத் தருவதாகக் கடைக்காரர் அவரிடம் சொன்னார். என்னிடம் கடைசிவரை ஒரு வார்த்தை இல்லை. போகும்போது, உங்கள் ஆளுக்கு வேலை தெரியும் என்று அவரிடம்தான் சொன்னார். ஒரு நாயைப் புகழ்வதென்றாலும் நாயைப் பார்த்துத்தான் புகழ்வார்கள்.

ஒக்டோபரில் அவர் முதல் தரம் வேட்டைக்குப் போனபோது என்னையும் வரச் சொன்னார். துவக்கைத் தொடவில்லை, பையைச் சுமந்துகொண்டு பின்னால் நடந்தேன். லார்ச் மரங்கள் மஞ்சளாகியிருந்தன. காலை பத்து மணிக்கு ஒரு முயல் பாறைக்குக் கீழிருந்து பாய்ந்தது. முதல் குழல் தவறியது. இரண்டாவதில் விழுந்தது. அவர் துவக்கைத் திறந்து வெறும் தோட்டாக்களை எடுத்துவிட்டு, முயலை எடுக்கப் போனார்.

மறுநாள் சமையலறையில் முயலைச் சுற்றி எல்லோரும் நின்றார்கள். துவக்கையும் கேட்டு வாங்கிப் பார்த்தவர்கள், கடைக்காரர் நல்ல மனிதர், பார்த்து எடுத்துக் கொடுத்திருக்கிறார் என்றார்கள். கடைக்காரர் இல்லை, இவர்தான் எடுத்தார் என்று அவர் என்னைக் காட்டினார். நல்ல பகிடி என்று சிரித்தார்கள்.

அவர் கத்தியைப் பலகையில் வைத்தார். ஒவ்வொரு சொல்லாக, முதலாம் வகுப்புப் பிள்ளைக்குச் சொல்வதுபோல, திரும்பச் சொன்னார். வெளியே மழையில் நிறுத்தியதையும் சொன்னார், தான் நிறுத்தியதாகவே சொன்னார். சிரிப்பு நின்றது. அவர்களில் ஒருவன் துவக்கைத் தூக்கிக்கொண்டு நான் நின்ற தொட்டியடிக்கு வந்து, இதில் எதைப் பார்க்க வேண்டும் என்று கேட்டான். கையைத் துடைத்துவிட்டு வாறன் என்றேன். அவசரப்படாமல், ஆறுதலாகத்தான் துடைத்தேன்.