வடியாத தண்ணீரும் நான் சொன்ன ‘யெஸ்’ஸும்

இந்த நாட்டில் பாத்திரம் கழுவ மெஷின் வைத்திருக்கிறார்கள். ஆனால் அதற்குள் வைப்பதற்கு முன்னால் பாத்திரத்தை நாம் ஒருமுறை கழுவிவிட வேண்டும். கல்கரிக்கு வந்து சில வருஷங்களாகியும் இந்தக் கணக்கு எனக்கு விளங்கவில்லை. போன மாதம் அந்த மெஷினும் வேலை நிறுத்தம் செய்தது. கதவைத் திறந்தால் அடியில் சாம்பல் நிறத்தில் தண்ணீர் தேங்கி நிற்கிறது, அதன்மேல் ஒரு கறிவேப்பிலை மிதக்கிறது. கோப்பையால் மொண்டு மொண்டு ஊற்றினேன். வடிகட்டியைக் கழற்றிப் பழைய பல் பிரஷால் தேய்த்தேன். மறுபடி ஓடவிட்டால் மறுபடி அதே தண்ணீர். வேலைவிட்டு வந்து, கோட்டைக் கழற்றி, ஒரு வாய் தேநீர்கூடக் குடிக்காமல் இந்த மெஷினுக்கு முன்னால் மண்டியிடுவதே என் பிழைப்பாகிப் போனது.

ஊரில், தெஹியோவிட்டப் பக்கத்து றப்பர் தோட்டத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளான எங்கள் லயத்துக்கு முன்னால் ஒரு கான் ஓடும். பாத்திரம் கழுவிய தண்ணீர், குளித்த தண்ணீர், மழைத் தண்ணீர் எல்லாம் அதில்தான் போகும். அடைத்துக்கொண்டால் யாராவது மண்வெட்டியை எடுத்து ஒரு இழுப்பு இழுப்பார்கள், அவ்வளவுதான். எங்கே அடைத்திருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியும். இங்கே எல்லாவற்றையும் அலமாரிக்குள்ளும் சுவருக்குள்ளும் ஒளித்து வைத்துவிட்டு, அடைத்துக்கொண்டால் நம்மிடம் கேள்வி கேட்கிறார்கள்.

கேள்வி கேட்டவர் வீட்டுக்காரி டோனா. கெட்டவர் இல்லை. தொலைபேசியில் கொஞ்சம் வேகமாகப் பேசுவார். “தட்டை வழிக்காமல் அப்படியே உள்ளே வைத்தீர்களா?” என்று கேட்டார். “யெஸ், யெஸ்” என்றேன். “சோறு, கறியெல்லாம் சேர்த்தா?” “யெஸ்.” “அப்படிச் செய்தால் அடைத்துக்கொள்ளும் என்று தெரியாதா?” “யெஸ், யெஸ், டோனா.” கடைசியில், “கார்புரேட்டரைப் பாருங்கள்” என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். அன்று மாலையே ஒரு குறுஞ்செய்தி வந்தது. தட்டை வழிக்காமல் வைத்ததை நானே ஒப்புக்கொண்டதால் பழுதுபார்க்கும் செலவு எங்களுடையது என்றும், மாதக் கடைசியில் முடிகிற வீட்டு ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பது பற்றி யோசிக்க வேண்டியிருக்கிறது என்றும் எழுதியிருந்தார்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. நான் எப்போது ஒப்புக்கொண்டேன்? அவர் பேசினார், நான் கேட்டுக்கொண்டிருந்தேன். நம்மைவிடப் பெரியவர்கள் பேசும்போது இடையிடையே “ஆமாங்க, ஆமாங்க” என்று சொல்லாவிட்டால் மரியாதை தெரியாதவள் என்பார்களே என்று சொன்னதுதான் அந்த யெஸ். இதை ஊரில் வாசிப்பவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. டோனாவுக்கு எப்படி விளக்குவது?

வீடு போய்விடுமோ என்ற பயம்தான் பெரிதாக இருந்தது. இந்த வாடகைக்கு வேறு வீடு கிடைக்காது. மகளின் பள்ளிக்கூடம் நடக்கும் தூரத்தில் இருக்கிறது, பனிக்காலத்தில் அது எவ்வளவு பெரிய விஷயம் என்பது இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். அதோடு இன்னொன்றும் உறுத்தியது. ஒற்றைக் குழாயில் வரிசையில் நின்று பிடித்த தண்ணீரில் சட்டியைப் பளபளவென்று தேய்த்து அடுக்கிய வீட்டில் வளர்ந்தவளை, துப்புரவு தெரியாதவள் என்று ஒருத்தி நினைத்துவிட்டாளே என்று அழுகை வந்தது.

என் கணவர் சிவாவுக்கு வேறு குழப்பம். அவர் தெரணியகலையில் முச்சக்கரவண்டி ஓட்டியவர். கார்புரேட்டரைக் கழற்றிப் பெட்ரோலில் கழுவி மாட்டுவதைக் கண்ணை மூடிக்கொண்டு செய்வார். மெஷினின் அடித்தகட்டைக் கழற்றி, டார்ச் லைட்டோடு படுத்தபடி தேடினார்.

“என்னா கலா, பெட்ரோல் ஊத்தாத மெஷினுக்கு ஏது கார்புரேட்டர்? அந்தம்மா சரியாத்தான் சொல்லிச்சா?”

“எனக்கென்ன தெரியுங்க? கார்புரேட்டர்னுதான் காதுல விழுந்துச்சு.”

“கரண்டுல ஓடுறதுக்கு வேற மாதிரி இருக்கும்போல” என்று மறுபடி தலையை உள்ளே நுழைத்தார். அரை நாள் போனது. தரை முழுக்கத் திருகாணிகள். கடைசியில் அவரே டோனாவை அழைத்து, “மேடம், கார்புரேட்டர் கிடைக்கவில்லை” என்றார். மறுபக்கத்தில் பெரிய சிரிப்பு. கார்புரேட்டர் இல்லையாம், ‘கார்பேஜ்’ஜிலிருந்து வந்த கார்பரேட்டராம். சிங்க்குக்குக் கீழே இருக்கும், சாப்பாட்டு மிச்சத்தை அரைத்துத் தள்ளுகிற பெட்டிக்கு இங்கே அதுதான் பெயர். “போன மாதம் என் மச்சான் வந்து புதிதாக மாட்டினாரே, அதுதான்” என்றார்.

நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்தோம். நாங்கள் வேலைக்குப் போயிருந்தபோது அந்த மனிதர் வந்து ஏதோ மாற்றிவிட்டுப் போனது தெரியும். மெஷினில் தண்ணீர் நிற்கத் தொடங்கியது அதற்குப் பிறகுதான். சிவா மின்சாரத்தை நிறுத்திவிட்டு, மெஷினிலிருந்து அந்தப் பெட்டிக்கு வருகிற குழாயைக் கழற்றினார். வாளியில் அழுக்குத் தண்ணீர் கொட்டியது. நான் டார்ச்சைப் பிடித்தேன். பெட்டியின் பக்கத்தில் குழாய் சேருகிற வாய் பிளாஸ்டிக்கால் முழுசாக மூடியிருந்தது. புதிதாக மாட்டும்போது அதைத் தட்டி உடைத்தெடுக்க வேண்டுமாம், டோனாவின் மச்சான் மறந்துவிட்டார். எங்கள் சோறும் இல்லை, கறியும் இல்லை. வழியே திறக்காத இடத்தில் தண்ணீர் எப்படிப் போகும்?

அந்த நேரத்தில் எனக்கு அப்பாவின் ஞாபகம் வந்தது. அப்பா றப்பர் பால் வெட்டியவர். ஒருநாள் திடீர் மழையில், பால் சேருகிற சிரட்டைகளுக்குள் தண்ணீர் விழுந்துவிட்டது. மறுநாள் காலைப் பெரட்டில், ஆட்களைப் பேர் கூப்பிடுகிற இடத்தில், எல்லோருக்கும் முன்னால் சிங்கள உத்தியோகத்தர் அப்பாவை நிறுத்தி, பாலில் தண்ணீர் கலந்தாயா என்று கேட்டார். அப்பா தலையைக் குனிந்து, “ஹரி மாத்தயா, ஹரி” என்றார், சரி ஐயா, சரி என்று. அன்றைக்கு அவருக்கு அரைப்பேர் போட்டார்கள், பாதி நாள் சம்பளம் போனது. வீட்டுக்கு வந்து அம்மாவிடம், “நான் எங்கடி ஒத்துக்கிட்டேன்? அவரு பேசுனாரு, நான் கேட்டுக்கிட்டு நின்னேன்” என்று புலம்பினார். அம்மா அவரை நன்றாகத் திட்டினாள். நானும் அம்மா பக்கம்தான் நின்றேன்.

சனிக்கிழமை டோனா வந்தார். உடைத்தெடுத்த பிளாஸ்டிக் துண்டைக் கையில் கொடுத்தேன். முகம் சிவந்துவிட்டது. மன்னிப்புக் கேட்டார், மச்சானை ஏதோ சொல்லித் திட்டினார். பிறகு, “நீங்கள் தட்டை வழித்துத்தான் வைத்தீர்கள் என்றால் ஏன் யெஸ் என்றீர்கள்?” என்று கேட்டார்.

“எங்கள் ஊரில் யெஸ் என்றால், நீங்கள் சொல்வது காதில் விழுகிறது என்று அர்த்தம்.”

“அப்படியானால் நிஜமான யெஸ்ஸுக்கு என்ன சொல்வீர்கள்?”

“அதற்கும் யெஸ்தான்” என்றேன். டோனா சிரிக்கவில்லை. கவலையோடு என்னைப் பார்த்தார். ஒப்பந்தத்தை இன்னும் இரண்டு வருஷத்துக்கு நீட்டித்துக் கையெழுத்துப் போட்டோம். போகிறபோது வாசலில் நின்று, “இது நிஜமான யெஸ்தானே?” என்று ஒருமுறை கேட்டு உறுதிசெய்துகொண்டுதான் காரில் ஏறினார்.

மறுநாள் அப்பாவை அழைத்தேன். இங்கே காலை, அங்கே இருட்டிவிட்டிருந்தது. மெஷின் கதையையும், டோனா ‘நிஜமான யெஸ்’ கேட்ட கதையையும் சொன்னேன். கார்புரேட்டர் கதைக்கு விழுந்து விழுந்து சிரித்தார். வீடு இரண்டு வருஷத்துக்கு உறுதி என்று சொன்னதும் சிரிப்பு நின்றுவிட்டது.

“நல்லதுதான் புள்ள. வீடு இல்லாம என்னா செய்வீங்க.” ஒரு இருமல் இருமினார். “போகும்போது கொஞ்ச காலந்தான்னு சொன்னீங்க. இந்த ரெண்டு வருஷம் முடிஞ்சதும் வந்துருவீங்கதானே?”

“ஆமாப்பா.”

“அம்மா போனப்பொறகு இந்த லயத்துக் காம்பராவுல நான் ஒருத்தன்தான் இருக்கேன். மாப்பிள்ளைக்கு இங்கேயே ஒரு வண்டி எடுத்துக் குடுத்துறலாம். அவிசாவளைப் பக்கம் நல்லா ஓடுது.”

“ஆமாப்பா, ஆமா.”

அந்தப் பக்கம் அப்பா மறுபடி இருமினார்.

“புள்ள,” என்றார் மெதுவாக, “இது எந்த ஆமா?”