வெர்னெல் ஹாஸ்கின்ஸின் நாலாவது பாட்டு

இதில் ஒரு நிமிடம்கூட மாற்றிச் சொல்லப்படவில்லை. கோசிகா அழித்த ஒவ்வொரு சத்தத்துக்கும் அவளுடைய கம்ப்யூட்டர் நேரம் குறித்து வைத்திருக்கிறது. யாராவது நம்ப மறுத்தால், அந்தப் பட்டியலைத் திறந்து காட்டுவாள்.

கோசிகாவுக்கு முப்பத்திரண்டு வயது. லண்டனின் தெற்கே சட்டனில் ஒரு வாடகை வீட்டில் தம்பி ஷெறோனோடு இருந்தாள். பழைய இசைத்தட்டுகளை மறுபடி வெளியிடும் ஒரு சிறிய கம்பனிக்கு வீட்டிலிருந்தே வேலை. கீறல், இரைச்சல், இருமல் என்று பாட்டுக்குள் கிடக்கும் குப்பையை எல்லாம் அழித்துத் துப்புரவாக்கிக் கொடுப்பாள். ஷெறோனுக்கு இருபத்தாறு. பார்சல் கிடங்கில் இரவு ஷிப்ட், பகலில் தூக்கம். சின்ன வயதிலிருந்தே ஆஸ்துமா.

போன வருடம் ஜனவரியில், ஒரு செவ்வாய்க்கிழமை, கம்பனியிலிருந்து ஆதித்யா ஓர் ஆல்பத்தை அனுப்பினான். ரிதம் அண்ட் ப்ளூஸ் என்ற இசைவகையின் பெயர் ஊருக்குப் பழகத் தொடங்கிய காலத்தில், 1954இல், வெர்னெல் ஹாஸ்கின்ஸ் என்ற அமெரிக்கப் பாடகி பாடிய எட்டுப் பாட்டுகள். கோசிகா ஒவ்வொரு பாட்டாகத்தான் திறப்பாள். முன்கூட்டியே கேட்கும் பழக்கம் இல்லை. வியாழன் மாலைக்குள் மூன்று முடிந்தன. கடைசி நான்கும் சுத்தமாக இருப்பதால் தொடவேண்டாம் என்று ஆதித்யா எழுதியிருந்தான். நாலாவதுதான் பாக்கி.

வெள்ளிக்கிழமை பகல் இரண்டு நாற்பதுக்கு ஆதித்யா கூப்பிட்டான்.

"அஞ்சு மணிக்குள்ள வேணும் கோசிகா. மூச்சு சத்தம் நிறைய இருக்குன்னு சொன்னாங்க. ஒண்ணு விடாம எடுத்துடுங்க."

"ஓம், தாறன்."

போனை வைத்ததும் அறைக் கதவு தட்டப்பட்டது. ஷெறோன். கண் சிவந்திருந்தது.

"அக்கா, என்ர இன்ஹேலரைக் கண்டனீங்களோ?"

"டேய், வேலை செய்யேக்க தட்டாதை எண்டு எத்தினை தரம் சொல்றது? நீ என்ன சின்னப் பிள்ளையே? போய்த் தேடு."

"சரி, சரி. இனித் தட்டமாட்டன்."

அவன் போனான். அவள் காதை முழுதும் மூடும் பெரிய ஹெட்போனை மாட்டிக்கொண்டாள்.

மணி 2:47. நாலாவது பாட்டு.

மூச்சுச் சத்தம் முதல் வரியிலேயே இருந்தது. பாடகி வரிகளுக்கு நடுவே இழுக்கும் மூச்சு என்று நினைத்தாள். தேர்ந்தெடுத்தாள், அழித்தாள். அடுத்தது. அதையும் அழித்தாள். இருபது, முப்பது... கை தானாக ஓடியது.

3:05க்குக் கை நின்றது.

பாடகி ஒரு நீண்ட வரியைப் பாடிக்கொண்டிருந்தாள். அந்தக் குரலுக்கு அடியில், அதே நொடியில், மூச்சும் கேட்டது. ஒரே வாய் பாடிக்கொண்டே மூச்சை உள்ளே இழுக்க முடியாது.

வாத்தியக்காரன் யாராவது மைக்குக்குப் பக்கத்தில் நின்றிருப்பான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு அதையும் அழித்தாள்.

3:12. மூச்சு குறுகியது. ஒவ்வொன்றின் முடிவிலும் மெல்லிய விசில்... ஈஈஈ... என்று.

3:16. டொக். டொக். டொக்.

தட்டின் கீறல் இப்படிக் கேட்காது. கீறல் ஒரே இடைவெளியில் வரும். இது ஒழுங்கில்லாமல் வந்தது. மூன்று. பிறகு மூன்று. பிறகு இரண்டு.

ஹெட்போனைக் கழற்றினாள். வீடு அமைதியாக இருந்தது. தெருவில் ஒரு பஸ் போனது. அவ்வளவுதான்.

மறுபடி மாட்டினாள்.

டொக்.

அழித்தாள்.

3:29. மூச்சுகளுக்கு நடுவே நீண்ட இடைவெளி. அவள் தன் மூச்சையும் அடக்கிக்கொண்டு காத்திருந்தாள்.

ஒன்று...

இன்னொன்று...

3:34. இருமலைப் போல ஏதோ. விரல் அழிக்கும் பொத்தானை அழுத்திவிட்டது. அழுத்திய பிறகுதான் காதில் விழுந்தது மனதுக்கு எட்டியது.

அது இருமல் அல்ல.

"அக்கா..."

ஓடினாள்.

ஷெறோன் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே விழுந்து கிடந்தான். உதடு நீலம். வலது கை விரல் முட்டிகளில் தோல் உரிந்திருந்தது. அவளுடைய மேசை ஒட்டியிருந்த சுவரின் இந்தப் பக்கத்தில் எட்டுப் பத்து சிவப்புத் தடங்கள்.

கதவைத் தட்டமாட்டேன் என்று சொன்னவன் சுவரைத் தட்டியிருக்கிறான்.

அம்புலன்ஸ் 3:46க்கு வந்தது. வந்த பெண் நெடுநேரம் அவன் நெஞ்சை அழுத்தினாள். பிறகு எழுந்து கையுறையைக் கழற்றினாள்.

"எவ்வளவு நேரம் நான் பிந்தினனான்?" என்று கோசிகா ஆங்கிலத்தில் கேட்டாள். அந்தப் பெண் அவளுடைய தோளைத் தொட்டாள்.

சத்தம் சுவர் வழியாக வந்திருக்கும். காதை ஹெட்போன் மூடியிருந்தாலும் கொஞ்சம் உள்ளே கேட்டிருக்கும். பாட்டோடு கலந்து மூளை ஏமாந்திருக்கும். கோசிகா அப்படித்தான் நம்பினாள். ஐந்து வாரம் அந்த நம்பிக்கையில்தான் எழுந்தாள், சாப்பிட்டாள், படுத்தாள்.

ஆறாவது வாரம் ஆதித்யா கூப்பிட்டான். குரல் சரியாக இல்லை.

"உங்களைத் தொந்தரவு பண்ணக்கூடாதுன்னுதான் இருந்தேன். நாலாவது பாட்டை வேறொருத்தரை வெச்சு முடிக்கலாம்னு உங்களுக்கு அனுப்பின அசல் பிரதியைத் திறந்தேன். அதுல... அதுல ஒரு ஆள் 'அக்கா'ன்னு கூப்பிடறான்."

அவள் கட்டிலில் உட்கார்ந்தாள்.

"ஜெர்மனில ஒருத்தர்கிட்ட இருந்து அதே ஆல்பத்தோட வேற தட்டு வாங்கினேன். அறுபத்தெட்டு வருஷமா அவங்க வீட்டு அலமாரில இருந்த தட்டு. அதுலயும் இருக்கு. தட்டுற சத்தம், மூச்சு, எல்லாம்."

"நிப்பாட்டுங்கோ."

"அந்தப் பாடகியோட மகள் இன்னும் இருக்காங்க. லெட்டர் போட்டிருந்தேன். நேத்துப் பதில் வந்தது. உங்களுக்குப் படிச்சுக் காட்டட்டுமா?"

"ஓம்" என்றாள்.

கடிதம் சிறியது. 1954இல் முதல் தட்டு அச்சாகி வந்த அன்று ஒலிப்பதிவுக் கூடத்தில் எல்லாரும் கூடிக் கேட்டார்களாம். நாலாவது பாட்டு பாதி ஓடும்போது வெர்னெல் எழுந்துவிட்டார். சுவருக்குப் பின்னால் ஒரு பையன் மூச்சுத் திணறிச் சாகிறான், போய்ப் பாருங்கள் என்று கத்தினார். மற்ற யாருக்கும் அது பெரிதாகப் படவில்லை. இசைக்குழுத் தலைவர் சிரித்தார். வெர்னெல் அந்தக் கட்டடத்தின் மூன்று மாடிகளிலும் ஒவ்வொரு கதவாகத் திறந்து பார்த்தார். ஒருவரும் இல்லை. அன்றோடு பாடுவதையே விட்டார்.

கடைசி வரியை ஆதித்யா இரண்டு முறை தொடங்கி, மூன்றாவது முறைதான் படித்து முடித்தான்.

"அம்மா தொண்ணூற்றொரு வயதில் இறந்தார். அந்தப் பையனை யாராவது போய்ப் பார்த்தார்களா என்று கடைசி நாள்வரை கேட்டுக்கொண்டே இருந்தார்."