கல்மார்பன் தண்ணீருக்கடியில் கிடந்த மாதங்கள்

போன வாரம் எங்கள் கண்ணமங்கலத்து வீட்டுக்குக் கூரியரில் ஒரு பெட்டி வந்தது. உள்ளே கல்மார்பன் படக்கதைகளின் கெட்டி அட்டைத் தொகுப்பு. வழவழப்பான தாள், முழு வண்ணம். முகர்ந்து பார்த்தேன், புதுக் கதவுக்கு அடித்த பெயிண்ட் வாசம்தான் வந்தது. இந்த வயதில் பொம்மைப் புத்தகத்தை முகர்ந்துகொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்து வீட்டில் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

எனக்குத் தெரிந்த கல்மார்பனுக்குப் புளி வாசம். ஜவ்வாது மலையில் நான் வளர்ந்த ஊரில் மாசி பிறந்தால் வீட்டுக்கு வீடு புளி குவிந்திருக்கும். பெண்கள் வட்டமாக உட்கார்ந்து ஓடு தட்டிக் கொட்டை எடுப்பார்கள். பள்ளிக்கூடம் போகிற ஆள் என்ற தகுதியில் நான் நடுவில் உட்கார்ந்து சத்தம்போட்டுப் படக்கதை வாசிப்பேன். வேலையிலிருந்து தப்பிக்க அதைவிட நல்ல வழி கிடையாது. சண்டைப் பக்கம் வந்தால் எல்லாரும் புளிக்கையோடு புத்தகத்தை இழுப்பார்கள். வெள்ளைக்காரக் கல்மார்பன் இரண்டே நாளில் நம் ஊர் நிறத்துக்கு வந்துவிடுவான்.

வெளிநாட்டில் பல வருடமாக ஓடிய கதை அது. தமிழில் உள்ளங்கை அளவுப் புத்தகமாக, கறுப்பு வெள்ளையில், மாதாமாதம் போட்டார்கள். மாதாமாதம் என்பது அவர்கள் சொன்னது. ஒரு புத்தகத்தில் அவனுக்குக் கல்யாணம் ஆகியிருக்கும். அடுத்ததில் அதே பெண்ணை முதன்முதலாகப் பார்ப்பான். கிடைத்த கதையைக் கிடைத்த வரிசையில் போட்டால் அப்படித்தான். ஆலங்காயத்திலிருந்து வரும் பஸ் கண்டக்டர்தான் எங்களுக்கு வாங்கி வருவார்.

அந்த வருடம் என் சித்தி எங்களோடு இருந்தாள். குடகுக்குக் காப்பித் தோட்ட வேலைக்குப் போன சித்தப்பாவிடமிருந்து மழைக்காலம் முடிந்தும் தகவல் இல்லை. கல்மார்பன் தப்பிக்கும் போதெல்லாம், "இவன் பொழச்சிகினான் இல்ல, அவரும் நல்லாத்தான் கீறாரு" என்பாள். முதலில் விளையாட்டாகத்தான் சொன்னாள். போகப் போக அதையே நம்பிக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் அந்தப் புத்தகம் வந்தது. கடைசிப் பக்கத்தில் கல்மார்பன் பாலத்திலிருந்து ஆற்றில் விழுகிறான். குண்டே துளைக்காத கல் மார்பு தண்ணீரில் மிதக்குமா? மூழ்கிப் போனான். கீழே, 'கல்மார்பனின் கதை முடிந்தது!' என்று ஒரு வரி. நான் நிமிர்ந்தபோது சித்தி புளியைத் தள்ளிவிட்டு எழுந்து போயிருந்தாள்.

அடுத்த மாதம் புத்தகம் இல்லை. அதற்கடுத்த மாதமும் இல்லை. பொம்மைப் புத்தகம் என்றாலே எரிந்து விழும் அப்பா, என்னையும் கூட்டிக்கொண்டு பஸ்ஸுக்குப் போய், "ஏம்பா, அந்தக் கல்லு ஆளு இன்னா ஆனான்?" என்று கண்டக்டரைக் கேட்டார்.

"கம்பெனியவே மூடிட்டாங்களாங்க."

"வூட்ல சொல்லிடாத" என்றார் அப்பா என்னிடம்.

வேடிக்கை என்னவென்றால், சித்தப்பாதான் முதலில் வந்து சேர்ந்தார். கால் முறிந்து ஆஸ்பத்திரியில் கிடந்தாராம். சித்தி அழுதாள், திட்டினாள், சோறு போட்டாள். கால் தேறி அவர் மறுபடி கிளம்பியபோது மட்டும் வழிமறித்தாள். "அவன் இன்னும் தண்ணிலதான் கீறான். நீங்க போவக் கூடாது."

சித்தப்பா தலையில் அடித்துக்கொண்டார். "அந்தக் கல்லுப் பய ஏந்து வந்தாத்தான் நான் வேலைக்குப் போவணுமா?"

அப்படித்தான் ஆயிற்று. ஒருநாள் பஸ் வளைவில் திரும்பும்போதே கண்டக்டர் புத்தகத்தை ஆட்டிக்காட்டிக்கொண்டு வந்தார். கம்பெனி கை மாறி, மறுபடி 'முதல் இதழ்' என்று ஆரம்பித்திருந்தார்கள். முதல் பக்கத்திலேயே கல்மார்பன் ஆற்றின் அடியில் நடந்தே கரையேறினான். கல்லுக்கு மூச்சு எதற்கு! சித்தி அதையே திரும்பத் திரும்ப வாசிக்கச் சொன்னாள். எங்கள் எல்லாருக்கும் அப்பாடா என்றிருந்தது. மறுநாள் சித்தப்பா மூட்டை கட்டினார்.

தொகுப்பின் முன்னுரையைப் படித்த பிறகுதான் சங்கதி தெரிந்தது. மூலத்தில் மூழ்குவதும் கரையேறுவதும் ஒரே கதையாம். காகிதத் தட்டுப்பாட்டில் தமிழில் பாதியோடு முடித்துவிட்டார்களாம். சித்தியைப் போனில் கூப்பிட்டுச் சொன்னேன்.

"அடப் பாவிங்களா, காயிதம் இல்லன்னா ஆளக் கொன்னுட்றதா?" என்றவள் உடனே, "இரு, உன் தம்பி கூப்புட்றான்" என்றாள். அவள் மகனும் இப்போது குடகில்தான் வேலை. "தெனம் சாயங்காலம் வீடியோல மூஞ்சி காட்டணும் அவனுக்கு. தெனம் பேச இன்னா கீது, சொல்லு?"

பதில் சொல்வதற்குள் வைத்துவிட்டாள். ஒரு ஆள் உயிரோடு இருக்கிறானா என்று மாதக்கணக்கில் தெரியாமல் கிடக்கிற அந்தக் காத்திருப்பு எங்கள் மலையை விட்டே போய்விட்டது. போனது போனதாகவே இருக்கட்டும்.