முனுசாமி வந்து பேசிய மாலை

போன ஞாயிற்றுக்கிழமை என் மருமகள் முல்தானி மட்டியைக் குழைத்து முகம் முழுக்க அப்பிக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்திருந்தாள். கண் இரண்டு மட்டும் தெரிந்தது. காய்கிற மண்ணின் வாசனை மூக்கில் ஏறியதும் வாசற்படியிலேயே நின்றுவிட்டேன். "இன்னா மாமா, பேயப் பாத்தாப்புல நிக்கிறீங்க?" என்றாள். நானே ஒரு மாலைப்பொழுது பேயாக இருந்தவன் என்று சொன்னால் டாக்டரிடம் கூட்டிப்போய்விடுவாள். அதனால் உங்களிடம் சொல்கிறேன்.

எழுபதுகளின் தொடக்கம். செங்கல்பட்டில் ஓர் அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்தேன். லீவு நாட்களில் நாங்கள் ஐந்தாறு நண்பர்கள் சைக்கிளை மிதித்துக்கொண்டு ஊர் ஊராகப் போய் நாடகம் போடுவோம். மேடை கிடையாது, திரை கிடையாது. சேகர் எழுதுவான், கூலி, நிலம், தீண்டாமை, இவைதான் விஷயம். மாமல்லபுரத்தில் ஒருமுறை வட்டிக்காரனாக நடித்தவனை மீன்காரப் பெண்கள் நிஜமாகவே கூடையால் மொத்தியதில் எங்களுக்குத் தலைகால் புரியவில்லை. நடிப்பில் நான் கட்டை. ஆகவே பிண வேஷம் எனக்கு.

கூலி உயர்வு கேட்டவனைக் கிணற்றில் தள்ளிவிட்டு, அவனே குதித்தான் என்று பண்ணையாரின் ஆட்கள் சாதிக்கிறார்கள். கடைசியில் ஏரி மண் பூசிய முகத்தோடு பிணம் எழுந்து, ஒன்றுபடுங்கள் என்று இரண்டு வரி பேசும். இதுதான் நாடகம். படாளத்துக்கு உள்ளே ஒரு காலனியில் போடப் போன அன்று எங்கள் டோலக்குக்காரனுக்குக் காய்ச்சல். விசாரித்து, பம்பை அடிக்கிற கன்னியப்பனைப் பிடித்தோம். என்ன அடிக்கணும் என்று கேட்டவரிடம், செத்தவன் எழுந்து வந்து பேசுகிறான், அதற்குத் தகுந்தாற்போல் அடியுங்கள் என்று சேகர் சொல்லிவைத்தான்.

அந்தப் பக்கத்தில் கல்யாணத்துக்கு முன்னால் பம்பையோடு நீர்க்கரைக்குப் போய், வீட்டில் செத்தவர்களை அழைப்பார்கள். அவர்கள் யார் மேலாவது இறங்கி, கேட்டதற்குப் பதில் சொல்வார்கள். அதற்கென்றே ஓர் அடி உண்டு. கன்னியப்பன் அதைத்தான் அடித்தார். டவுன்காரர்களான எங்களுக்கு அது எங்கே தெரியும்? அந்த ஊர்க் கிணற்றில் சில மாதம் முன்பு முனுசாமி என்பவர் பிணமாக மிதந்ததும் தெரியாது.

வெயில் தாழ்ந்த நேரம். போர்வையை விலக்கி எழுந்தேன். கூட்டம் மொத்தமும் எழுந்து நின்றது. யாரோ கற்பூரம் ஏற்றினார்கள். ஒரு பெண் நேராக என் முன்னால் வந்தார். அவர்தான் முனுசாமியின் மனைவி அஞ்சலை என்று பிறகு சொன்னார்கள்.

"நீயா வுழுந்தியா, தள்னாங்களா? நீயா வுழுந்துட்டன்னு டேசன்ல எழுதிக்கினாங்க. நீயே சொல்லு."

என்னுடைய இரண்டு வரியும் மறந்துபோயிற்று. பம்பை நிற்கவில்லை. அடிவயிற்றிலிருந்து ஒரு குளிர் ஏறியதுதான் நினைவிருக்கிறது. மீதி சேகர் சொன்னது. நான் அந்தக் காலனிப் பேச்சிலேயே பேசினேனாம்.

"நான் வுழல அஞ்சல. பின்னால ரெண்டு பேரு. இஸ்த்ததுல அர்ணாக்கவுறு அறுந்துபோச்சி."

அஞ்சலை என்ற பெயரை அதுவரை எனக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. பிணத்தின் இடுப்பில் அரைஞாண்கயிறு இல்லாதது, குளிப்பாட்டிய அஞ்சலை ஒருத்திக்குத்தான் தெரியும்.

"அப்ப எங்கள வுட்டுட்டு நீயா போவல" என்று சொல்லிவிட்டு அவர் தரையில் உட்கார்ந்தார். பிள்ளைகளோடு தன்னையும் வேண்டாமென்று புருஷன் போய்விட்டதாகவே அத்தனை நாளும் நினைத்திருந்தாராம். அதைக் கேட்டபோது எனக்கு அழுகை வந்துவிட்டது.

மறுநாள் காலனியில் ஒருவரும் வயலில் இறங்கவில்லை. எல்லோரும் அஞ்சலையோடு ஸ்டேஷனுக்கு நடந்தார்கள். பேயின் சாட்சியை எந்தக் கோர்ட்டு எடுத்துக்கொள்ளும்? வழக்கு நிற்கவில்லை, கூலி மட்டும் கொஞ்சம் ஏறியது. அந்த நாடகத்தை நாங்கள் மறுபடி போடவில்லை. வெளியூரில் தங்கினால் சேகர் என் பக்கத்தில் படுக்கவும் பயந்தான்.

இப்போது சேகர் இல்லை, கன்னியப்பனும் இல்லை. அஞ்சலை குடும்பம் எங்கே போனதென்று தெரியவில்லை. போன வருஷம் அந்தப் பக்கம் போனபோது கிணற்றைத் தூர்த்து மனை போட்டிருந்தார்கள். இங்கே ஏது கிணறு என்று காவலுக்கிருந்த இளைஞர் கேட்டார். இருந்தது, அதில் ஒருவர் செத்தார், ஆனால் அவராக விழவில்லை என்றேன்.

"யாரு சார் சொன்னாங்க?"

முனுசாமியே வந்து சொல்லட்டும் என்று வாயைத் திறந்தேன். எனக்குள்ளே யாரும் இல்லை.