தோற்றவரிடம் கேட்டுப் போட்ட வரிசை

அப்பா லிஃப்ட் மெக்கானிக். நகரத்தின் பழைய கட்டடங்களில் பாதி அவர் கை பட்டவை. அது சம்பளத்துக்குச் செய்த வேலை. சம்பளமில்லாமல் செய்த வேலை இன்னொன்று உண்டு: குத்துச்சண்டைப் பட்டத்துக்கு மோதும் தகுதி யாருக்கு இருக்கிறது என்று சொல்வது. இரங்கல் கூட்டத்தில் பேசியவர்கள் முதலாவதை மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார்கள். அதனால் இரண்டாவதை நான் எழுதுகிறேன்.

இந்த விளையாட்டில் சாம்பியன் தானாக உருவாவதில்லை. ஓர் அமைப்பு பட்டம் ஒன்றை உண்டாக்கி, அதற்கொரு பெல்ட் செய்து, இன்னாரும் இன்னாரும் மோதினால்தான் செல்லும் என்று அங்கீகரிக்க வேண்டும். எங்கள் நகரத்தில் அப்படி மூன்று அமைப்புகள்: சங்கம், சம்மேளனம், பேரவை. ஒரே எடைப்பிரிவுக்கு மூன்று சாம்பியன்கள். ஒருவர் இன்னொருவரோடு மோதமாட்டார். மோதினால் ஒரு பெல்ட் போய்விடுமே. "நம்ம ஊர்ல பெல்ட் இல்லாத ஒரே ஆளு ரெஃப்ரீதான்" என்பார் அப்பா.

பேரவை என் தாய்மாமன் ஆரம்பித்தது. சம்மேளனத்தின் மேடையில் தனக்கு நாற்காலி போடவில்லை என்று கோபித்துக்கொண்டு வெளியே வந்தவர் அவர். டயர் கடைக்கு மேலே ஓர் அறை, ஒரு மேசை, சுவரில் அவருடைய படம். தலைவரும் அவரே. தரவரிசை போட ஆள் தேவைப்பட்டபோது தங்கை கணவரைப் பிடித்துப் பேரவைக் குழுவில் சேர்த்தார்.

"சும்மா பத்துப் பேரை வரிசையா எழுதிக் குடுங்க மாப்ள. கூட்டம் சேர்க்கிற ஆளா பாத்து மேல போடுங்க."

அப்பாவின் காதில் விழுந்தது முதல் வாக்கியம் மட்டும்தான்.

மற்ற அமைப்புகள் வெற்றிகளை எண்ணி வரிசை போட்டன. அப்பா அப்படிச் செய்யவில்லை. சண்டை முடிந்ததும் எல்லாரும் ஜெயித்தவரைச் சூழ்ந்துகொள்வார்கள். அப்பா ஒரு ஃபிளாஸ்க் நிறைய ஐஸ்கட்டியோடு தோற்றவரின் அறைக்கதவைத் தட்டுவார். பக்கத்தில் உட்கார்ந்து, ஐஸைத் துணியில் சுற்றிக் கொடுத்து, வலி கொஞ்சம் அடங்கும்வரை வானிலை பற்றிப் பேசுவார். பிறகு ஒரே கேள்வி: "இதுவரைக்கும் மோதுனவங்கள்ல, இன்னொரு தடவை எதிர்ல வந்துடவே கூடாதுன்னு யாரை நெனைக்கிற?"

"ஜெயிச்சவன் பேச்சுல பாதி விளம்பரம்" என்று எனக்குக் காரணம் சொன்னார். "அடி வாங்குனவனுக்குப் பொய் சொல்லத் தெம்பு இருக்காது."

என் வேலை இயந்திரங்களின் அதிர்வை அளப்பது. உணர்கருவியை எங்கே ஒட்டுகிறோம் என்பதுதான் அதில் பாதி வேலை. பளபளப்பான மேல்மூடியில் ஒட்டினால் ஒன்றும் தெரியாது. சுமை தாங்கும் இடத்தில் ஒட்ட வேண்டும். அப்பாவின் முறையில் எனக்கு ஒருபோதும் சந்தேகம் வந்ததில்லை.

பெண்கள் பிரிவில் தோற்றவர்களின் அறைகளில் ஒரே பேர் திரும்பத் திரும்ப வந்தது. இஸ்திரி. மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்புகளை நீராவிப் பெட்டியில் அழுத்தித் தேய்ப்பது அவர் வேலை. வளையத்துக்குள் எதிராளியைக் கயிற்றோரம் தள்ளி, மடிப்பு எடுப்பதுபோல் நிதானமாக அடிப்பார். பேர் இரண்டுக்கும் பொருந்தியது. அப்பா அவரை முதல் இடத்தில் போட்டார்.

முதல் இடத்தில் இருப்பவரோடு சாம்பியன் வருடத்துக்கு ஒருமுறை மோதியே ஆக வேண்டும். அது பேரவையின் விதி. ஆனால் சாம்பியன் தரப்பிலிருந்து ஒவ்வொரு வருடமும் ஒரு விண்ணப்பம் வரும். மணிக்கட்டு வலி. அல்லது இரண்டாம் இடத்துப் பெண்ணுக்குத்தான் அரங்கம் நிறையும். மாமா விலக்கு அளித்துக் கையெழுத்துப் போடுவார். இஸ்திரி காத்திருப்பார். முதல் இடத்துக்காரரோடு மோத மற்றவர்களும் தயங்கினார்கள். ஜெயிப்பது கஷ்டம், தோற்றால் இருக்கிற இடமும் போகும். காத்திருந்த வருடங்களில் அவருக்குக் கிடைத்த சண்டைகள் சொற்பம்.

எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் இந்த வழக்கு பல தடவை நடந்தது.

"விதி நீங்க எழுதுனதுதானே மச்சான்?"

"நான் எழுதுனதை நானே கொஞ்சம் தள்ளி வைக்கக் கூடாதா?"

"தள்ளி வைங்க. தள்ளிக்கிட்டே போகாதீங்க."

"அந்தப் பொண்ணு மூஞ்சியை போஸ்டர்ல போட்டா யார் மாப்ள வருவாங்க?"

"அவகிட்ட அடி வாங்குனவங்க எல்லாரும் வருவாங்க. அதுவே அரை அரங்கம்."

அம்மா நடுவில் புகுவார். "ரெண்டு பேரும் மோதிக்குங்க, நான் அங்கீகாரம் குடுக்கறேன். அதுக்கு முன்னாடி அவங்கவங்க தட்டைக் கழுவி வைங்க."

பிறகு அப்பாவின் நுரையீரல் கெட்டது. லிஃப்ட் குழிகளின் தூசி, எண்ணெய்ப் புகை, டாக்டர் ஏதேதோ சொன்னார். அப்பா இரண்டு படி ஏறினால் நின்று மூச்சு வாங்க ஆரம்பித்தார். மாமா பார்க்க வந்தார். மின்விசிறியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"மாப்ள, இஸ்திரிக்குப் பட்டச் சண்டை குடுத்துடலாம். குழு ஓட்டுப் போட்டாப் போதும், நான் குறுக்க நிக்கல. சந்தோஷமா?"

அப்பாவின் கண் கலங்கியது. ஆனாலும் கேட்டார்: "அவ மோதி ரொம்ப நாளாச்சு. ஓட்டுக்கு முன்னாடி சின்னதா ஒரு சண்டை வைங்க மச்சான். உடம்பு பழகட்டும்."

வைத்தார்கள். எதிராளி ஒரு கல்லூரி மாணவி. இஸ்திரி புள்ளிகளில் சுலபமாக ஜெயித்தார். அப்பா ஃபிளாஸ்க்கை என்னிடம் கொடுத்து, என் தோளைப் பிடித்துக்கொண்டு, மாணவியின் அறைக்கு நடந்தார். வழக்கமான கேள்வியைக் கேட்டார்.

மாணவி யோசித்துப் பேரவையின் சாம்பியனைச் சொன்னாள். பிறகு சங்கத்தில் இருக்கும் இன்னொருத்தியைச் சொன்னாள். அத்தோடு நிறுத்திவிட்டாள்.

"இப்ப மோதுனியே, அந்த அக்கா?"

"அக்கா நல்லாத்தான் ஆடுனாங்க சார்." ஐஸைக் கன்னத்தில் மாற்றி வைத்துக்கொண்டாள். "ஆனா அடி வர்றது தெரியுது. தோள் முதல்ல கிளம்பிடுது, கை அப்புறம்தான் வருது. எனக்குத்தான் அதை வெச்சுத் திருப்பி அடிக்கத் தெரியல. தெரிஞ்சவங்க அடிச்சுடுவாங்க."

அப்பா ஃபிளாஸ்க்கை மூடினார்.

காரில் நான்தான் ஆரம்பித்தேன். "ஓட்டு என்ன பண்ணப் போறீங்க?"

"தகுதி அவளுக்குத்தான். அதுல மாத்தமே இல்ல."

"சாம்பியனுக்கு அந்தத் தோள் தெரியாமலா போகும்?"

"தெரியும்."

"அப்புறம்?"

"குடுக்க வேண்டிய காலத்துல குடுத்திருந்தா இந்தப் பேச்சே இல்ல." சிக்னலில் நின்றபோது மெதுவாகச் சொன்னார்: "குடுத்தா அடி வாங்குவா. குடுக்கலன்னா, கடைசில கதவைச் சாத்துனது நான்னு ஆகும். வண்டியைச் சலவைக்கூடத்துக்கு விடு."

சலவைக்கூடம் மருத்துவமனையின் பின்புறத்தில் இருந்தது. கதவைத் திறந்ததும் நீராவி முகத்தில் அறைந்தது. அடுத்த ஷிஃப்டுக்கு வந்துவிட்டிருந்தார் இஸ்திரி. புருவத்தில் பிளாஸ்திரி. ஈர விரிப்பின் ஒரு முனையை உதறி அழுத்துப் பெட்டிக்குள் விட்டுக்கொண்டிருந்தார்.

"ஒண்ணு சொல்லணும்மா. நிறுத்திட்டுக் கேக்கறியா?"

"சொல்லுங்க சார். கைக்குத்தான் வேலை, காது சும்மாதான் இருக்கு."

அப்பா சுற்றிவளைக்கவில்லை. மாணவி சொன்னதைச் சொன்ன வார்த்தையிலேயே சொன்னார். தோள், பிறகு கை. இஸ்திரி விரிப்பை முழுதும் உள்ளே விட்டு, மறுபக்கம் போய் எடுத்து, நாலாக மடித்து வைத்தார்.

"என் கை எனக்குத் தெரியாதா சார்? கண்ணாடி முன்னாடி தினம் நிக்கிறேன்."

"அப்ப நான் என்ன பண்ணட்டும்?"

"ஓட்டுப் போடுங்க. இத்தனை நாளா அவங்க தள்ளிவிட்டாங்க. இப்ப பாவம்னு நீங்களும் தள்ளிவிட்டா எப்படி? நான் ஜெயிக்கறேனா தோக்கறேனாங்கறதை நான் அங்க போய்ப் பாத்துக்கறேன்."

அப்பா மூச்சு வாங்குவதற்காகத் துணிமூட்டை மேல் உட்கார்ந்தார். "போடறேன். ஆனா உன் மூலையில நான் நிப்பேன். துண்டு என் கையில இருக்கும்."

மூலையில் இருப்பவர் துண்டை உள்ளே எறிந்தால் சண்டை அந்த இடத்திலேயே முடிந்துவிடும். இஸ்திரி சிரித்தார். "கமிட்டி ஆளு மூலையில நிக்கக் கூடாதே சார்."

"கமிட்டி ஆளுதானே நிக்கக் கூடாது."

அவருக்குப் புரிந்ததும் சிரிப்பு நின்றது. "பாதியில எறிய மாட்டேன்னு சத்தியம் பண்ணுங்க."

"அது மட்டும் பண்ண மாட்டேன்."

"ஒரு பேச்சுக்காவது?"

"பேச்சுக்குக்கூட."

குழு கூடியது. அப்பா இஸ்திரிக்கு ஓட்டுப் போட்டார், தீர்மானம் நிறைவேறியது. அதே மேசையில் பதவி விலகலைச் சொன்னார். மாமாவுக்குத் தாங்கவில்லை.

"ஒரு துண்டுக்காகவா மாப்ள? இத்தனை வருஷப் பதவியை?"

"ஒரு நாற்காலிக்காக ஒரு சம்மேளனத்தையே விட்டுட்டு வந்தீங்களே மச்சான்."

அறையில் இருந்த எல்லாரும் சிரித்தார்கள். கடைசியில் மாமாவும்.

சண்டை ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல். அப்பாவால் குரலெழுப்ப முடியாது என்பதால் நானும் மூலையில் நின்றேன். அவர் என் காதில் சொல்வார், நான் கத்துவேன். எனக்குப் பாதி வார்த்தைகளின் பொருள் தெரியாது. அவருடைய மூச்சு என் கழுத்தில் பட்டுக்கொண்டே இருந்தது. அதை இப்போதும் உணர முடிகிறது.

மூன்றாவது சுற்றில் இஸ்திரி சாம்பியனைக் கயிற்றோரம் கொண்டுபோய்விட்டார். அரங்கம் எழுந்து நின்றது. அடி வாங்கிய பெண்கள் பலர் உண்மையிலேயே வந்திருந்தார்கள்; தொண்டை கிழியக் கத்தினார்கள்.  அப்பா என் கையைப் பிடித்து அழுத்தினார். அந்த ஒரு சுற்றில் அவர் கேட்டுக் கேட்டு எழுதிய வரிசை முழுக்க உண்மையாக இருந்தது.

ஐந்தாவதில் சாம்பியன் தோளைக் கண்டுபிடித்துவிட்டாள். தோள் அசைந்ததும் நகர்ந்தாள், கை வந்ததும் அடித்தாள். ஏழாவது முடிந்தபோது இஸ்திரியின் இடது கண் மூடிக்கொண்டிருந்தது. ஸ்டூலில் உட்கார்ந்ததும் அப்பாவைப் பார்த்துத் தலையை ஆட்டினார். வேண்டாம் என்று. அப்பா ஐஸை வைத்துவிட்டு அவர் தலையைத் தடவிக் கொடுத்தார்.

எட்டாவதில் அவர் விழவில்லை. இதைச் சொல்லியாக வேண்டும். நின்றுகொண்டுதான் இருந்தார். இரண்டு அடிகளை வாங்கிக்கொண்டு ஓர் அடி முன்னே வைத்தார். அப்போது துண்டு பறந்தது.

ரெஃப்ரீ கையை விரித்தார். இஸ்திரி மூலைக்கு வந்தார்.

"நின்னுட்டுதானே சார் இருந்தேன்?"

"நின்னே."

"ஒரு தடவையாவது விழுந்தேனா?"

"இல்ல."

"அப்புறம் ஏன்?"

"பயந்துட்டேம்மா."

 அப்பா கயிற்றைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்குவதைப் பார்த்து, இஸ்திரி தான் உட்கார வேண்டிய ஸ்டூலை அவர் பக்கம் காலால் தள்ளினார். 

அடுத்த மாதமே அப்பா படுக்கையில் விழுந்தார். இஸ்திரி வேலை செய்யும் அதே மருத்துவமனைதான். ஷிஃப்ட் முடிந்ததும் ஒருநாள் வார்டுக்கு வந்தார். நலம் விசாரிக்கவில்லை.

"எட்டாவது முடியக் கொஞ்ச நேரம்தான் பாக்கி இருந்துச்சு சார்."

"ஆமாம்மா."

"தாங்கியிருப்பேன்."

"தாங்கியிருப்பே."

"அப்ப துண்டு எறிஞ்சது தப்புதானே?"

"தப்பா இருக்கலாம்."

இஸ்திரிக்குக் கோபம் வந்துவிட்டது. "இப்படி எல்லாத்துக்கும் ஒத்துக்கிட்டா நான் யார்கூட சண்டை போடறது? எதிர்த்துப் பேசுங்க சார்."

அப்பா ஆக்சிஜன் முகமூடியைக் கொஞ்சம் விலக்கினார். பல நாள் கழித்து அந்த முகத்தில் குறும்பைப் பார்த்தேன்.

"சரி. ஏழாவதுலயே எறிஞ்சிருக்கணும்."

"ஏழாவதுலயா? ஏழாவதுல என்ன ஆச்சு? சொல்லுங்க, என்ன ஆச்சு எனக்கு ஏழாவதுல?"

"கண்ணு."

"ஒரு கண்ணு! இன்னொண்ணு எதுக்கு இருக்கு?"

நான் முகமூடியைச் சரிசெய்யப் போனேன். அப்பா என் கையைத் தள்ளிவிட்டார். இஸ்திரி ஸ்டூலைக் கட்டிலோடு ஒட்டி இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "இருங்க, முதல் சுற்றுலேர்ந்து வருவோம்" என்று ஆரம்பித்தார்.