மஸ்ஜித் தானாவில் ஒரு நீலப் புள்ளி

போன ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டரை மணிக்கு, என் அம்மாவின் கைப்பேசி தங்கா பத்து ஊரை நோக்கி வேகமாகப் போய்க்கொண்டிருந்தது.

அம்மா போகவில்லை. அவர் பாச்சாங்கில், எங்கள் வீட்டுச் சோபாவில், தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார்.

அன்று காலை எங்கள் வீட்டில் அக்கா புவனாவுக்கு நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை தினேஷ் வீட்டார் மஸ்ஜித் தானா ஊரிலிருந்து மூன்று கார்களில் வந்தார்கள். ஒன்பது தட்டு கொண்டுவந்தார்கள். நாங்கள் பதிலுக்குப் பதினொன்று கொடுத்தோம். சாப்பிட்டார்கள், படம் எடுத்துக்கொண்டார்கள், கிளம்பினார்கள். அரை மணி நேரம் கழித்துத்தான் அம்மா கேட்டார்: "என் போன் எங்க?"

தேடினோம். மெத்தைக்கு அடியில், சமையலறையில், பாயசப் பாத்திரத்துக்குப் பின்னால்... இல்லை. அழைத்துப் பார்த்தால் மணி போகிறது, ஆனால் வீட்டில் சத்தம் இல்லை. இருக்காது. சடங்கு நடக்கும்போது அலறக்கூடாது என்று நானே சத்தத்தை அணைத்து வைத்திருந்தேன்.

நான் பதறவில்லை. தொலைந்த கைப்பேசியைக் கண்டுபிடிக்கும் செயலி பற்றி இதே பத்திரிகைப் பத்தியில் ஒரு மாதத்துக்கு முன்பு எவ்வளவு அளந்தேன்! நினைவிருக்கிறதா? மடிக்கணினியைத் திறந்தேன். அம்மாவின் கணக்குக்குள் நுழைந்தேன். வரைபடம் விரிந்தது. ஒரு நீலப் புள்ளி.

நகர்ந்துகொண்டிருந்தது.

"மாப்பிள்ளை வீட்டு காடியில போகுது!" என்றார் செல்வம் மாமா. அம்மாவின் தம்பி. எதையும் முதலில் சந்தேகப்பட்டுவிட்டு அப்புறம் யோசிப்பவர். "அந்த ஊதா சேலை அத்தைதான். நான் பாத்துக்கிட்டே இருந்தேன். உங்கம்மா பக்கத்துலயே ஒட்டிக்கிட்டு உக்காந்துச்சு. போன் என்ன விலைனு வேற கேட்டுச்சு. எனக்கு அப்பவே ஒரு மாதிரி இருந்துச்சு லா."

ஊதாச் சேலை என்றால் தினேஷின் அப்பாவுக்கு அக்கா. அந்த வீட்டில் அவர் சொல்தான் சொல். அக்காவும் தினேஷும் மூன்று வருடமாகக் காதலித்து, எல்லாரும் தலையாட்டி, கடைசியாகத் தலையாட்டியவர் அந்த அத்தைதான். அதுவும் பாதித் தலையாட்டல்தான்.

"மாமா, வாய மூடுங்க," என்றாள் அக்கா. "இப்பதான் மோதிரம் மாத்தியிருக்கு. போன் திருடினீங்களானு கேட்டா நாளைக்கே மோதிரம் திரும்பி வரும்."

நியாயம்தான். ஆனால் புள்ளி அதற்குள் தங்கா பத்துவில் நின்றுவிட்டது. ஐந்து நிமிடம். பத்து நிமிடம். இருபது நிமிடம் அசையவில்லை. நிச்சயம் முடிந்து களைத்துப்போன குடும்பம் நடுவழியில் இருபது நிமிடம் எதற்கு நிற்கும்?

"விக்கிறாங்க," என்றார் மாமா. "அங்க பழைய போன் வாங்குற கடை ஏதாச்சும் இருக்கும்."

எனக்கும் அப்படித்தான் தோன்றியது. வெட்கமாக இருக்கிறது, ஆனால் தோன்றியது. சந்தேகம் வந்துவிட்டால் எல்லாமே அதற்குச் சாட்சியாகிவிடும், கவனித்திருக்கிறீர்களா? அத்தை அம்மாவிடம் சிரித்துப் பேசினாரே... ஏன் அவ்வளவு சிரிப்பு? இரண்டாவது முறை பாயசம் வேண்டாம் என்றாரே... ஏன் அவ்வளவு அவசரம்?

அந்தச் செயலியில் இன்னொரு வசதி உண்டு. தொலைந்த கைப்பேசியின் திரையில் நாம் விரும்பும் செய்தியைக் காட்டலாம். எழுதினேன். யார் கையில் இருந்தாலும் புரியட்டும் என்று மலாயில், பெரிய எழுத்தில்: 'இது திருடப்பட்ட கைப்பேசி. உடனே திருப்பிக் கொடுக்கவும். போலீஸ் வந்துகொண்டிருக்கிறது.'

கீழே தொடர்பு எண் கேட்டது. திருடனுக்கு நம் எண்ணைக் கொடுப்போமா? காலியாக விட்டேன்.

புள்ளி மறுபடி நகர ஆரம்பித்தது. மாமா கார் சாவியை எடுத்தார். நான் கைப்பேசியில் வரைபடத்தோடு முன்னால் ஏறினேன். பின்கதவு திறந்தது. அக்கா! நிச்சயப் பட்டுச்சேலையோடு, தலையில் மல்லிகையோடு.

"நீ எங்க வர்ற?"

"நீங்க ரெண்டு பேரும் தனியா போனா எனக்குக் கல்யாணமே நடக்காது. ஓட்டுங்க."

மஸ்ஜித் தானாவில் தினேஷ் வீட்டுத் தெருவுக்குள் நுழைந்தபோது புள்ளி நின்றிருந்தது. புள்ளி என்றா சொன்னேன்? இப்போது அதைச் சுற்றி ஒரு பெரிய வட்டம். பெரிதாக்கிப் பார்த்தேன். வட்டத்துக்குள் தினேஷின் வீடு, அதையடுத்து நான்கு வீடுகள், ஒரு மோட்டார் பட்டறை, ஒரு நாசி லெமாக் சாப்பாட்டுக் கடை. இதில் எங்கே? யார் கையில்? பையிலா, பீரோவிலா? வட்டம் அதையெல்லாம் சொல்லவில்லை. ஊரைக் கண்டுபிடித்துக் கொடுத்த செயலி, வீட்டு வாசலில் வந்ததும் கையை விரித்துவிட்டது.

எதிர்ப்பக்கம் மரத்தடியில் காரை நிறுத்தினோம். மாமாவின் காருக்குக் கறுப்புக் கண்ணாடி; வெளியிலிருந்து ஒன்றும் தெரியாது. கல்யாணத்துக்கு முன்பு பெண் மாப்பிள்ளை வீட்டுப் பக்கம் போகக்கூடாது என்பது இரண்டு வீட்டுக்கும் பொதுவான சட்டம். அக்கா பின்சீட்டில் சுருண்டு படுத்துக்கொண்டாள்.

"சத்தத்த போடு," என்றார் மாமா.

சத்தம் அணைத்திருந்தாலும் முழுச் சத்தத்தில் அலறவைக்கும் பொத்தானும் செயலியில் உண்டு. திருடன் உஷாராகிவிடுவான் என்று அதுவரை மாமாதான் தொடவிடவில்லை. அழுத்தினேன். கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கிக் காதுகொடுத்தோம். தினேஷ் வீட்டுக்குள்ளிருந்து மெல்லிசாக... ஆமாம். கேட்டது! உள்ளே யாரோ ஓடும் சத்தம். ஏதோ பேச்சு. பிறகு அமைதி.

திரையைப் பார்த்தேன். புள்ளி சாம்பல் நிறமாகிவிட்டது. இணைப்பு இல்லை.

"பாத்தியா! ஆஃப் பண்ணிட்டாங்க!" மாமா ஸ்டியரிங்கில் குத்தினார். "நல்லவன் எதுக்கு ஆஃப் பண்ணுறான்? சொல்லு!"

பின்சீட்டில் அக்கா விசும்பினாள். அப்போது அவளுடைய கைப்பேசி அடித்தது. தினேஷ். அவள் ஒலிபெருக்கியில் போட்டாள்.

"புவனா, கோச்சுக்காத... ஒன்னு கேக்கணும். தட்டுல எனக்கு ஒரு போன் வெச்சீங்கல்ல, அத எங்க வாங்குனீங்க?"

மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

"தட்டுலயா?"

"ஆமா, வேட்டித் தட்டுல. இப்பதான் கத்துச்சு, பிரிச்சுப் பாத்தோம். ஸ்கிரீன்ல திருட்டு போன், போலீஸ் வருதுனு எழுதியிருக்கு. அத்தை பயந்துபோய் ஆஃப் பண்ணிட்டாங்க. புவனா, நெஜமாவே போலீஸ் வந்துடுச்சு. வெளிய ஒரு கறுப்பு காடி நிக்குது, கண்ணாடியெல்லாம் இருட்டு, உள்ள ஆளு இருக்கு..."

பேசிக்கொண்டே அவர் வாசலுக்கு வந்துவிட்டார். நான் கண்ணாடியை முழுவதும் இறக்கினேன். வேறு என்ன செய்வது? கையை ஆட்டினேன்.

நானும் மாமாவும் உள்ளே போனோம். சிவப்பு வலைத்துணி கட்டிய தட்டுகள் வரிசையாகத் தரையில் இருந்தன. வேட்டித் தட்டு மட்டும் பிரிந்து கிடந்தது. மேசை மேல், ஒரு பழைய செய்தித்தாளில், அம்மாவின் கைப்பேசி. கைரேகை படக்கூடாது என்று சமையலறைத் துண்டால் பிடித்துத் தூக்கி வைத்தாராம் அத்தை.

"உண்மைய சொல்லுங்க," என்றார் அவர். "கடையில வாங்குனீங்களா, ரோட்டுல எவன்கிட்டயாச்சும் வாங்குனீங்களா? போலீஸ் வர்றதுக்குள்ள சொல்லுங்க."

அதுவரை வீரமாகப் பேசிய மாமா மின்விசிறியை ஆராய ஆரம்பித்தார். அக்கா வாசற்படியில் நின்று என்னையே பார்த்தாள். நான் வாயைத் திறக்காவிட்டால், நாங்கள் திருட்டுப் பொருளைத் தட்டில் வைத்துச் சீர் செய்தவர்கள். திறந்தால்... இவர்களைத் திருடர்கள் என்று நினைத்தவர்கள். எது பரவாயில்லை? நீங்களே சொல்லுங்கள்.

"அது அம்மாவோட போன், அத்தை. தட்டு அடுக்குறப்ப அதுலதான் படம் எடுத்தேன். வேட்டி மேலயே வெச்சுட்டு, வலைய போட்டுக் கட்டிட்டேன் போல."

"சரி. அப்ப அந்த எழுத்து?"

"நான்தான் எழுதுனேன்."

"யாருக்கு?"

ஒரே சொல். அம்மாவின் கைப்பேசி இருக்கும் தெரு வரைக்கும் கொண்டுவந்து விட்ட செயலியில் இதற்கு மட்டும் பொத்தான் இல்லை.

"உங்களுக்குத்தான், அத்தை," என்றேன். "நீங்க எடுத்துட்டீங்கனு நெனச்சோம். தங்கா பத்துல ரொம்ப நேரம் நின்னீங்க... விக்கிறீங்கனு..."

"செண்டோல் குடிச்சோம்," என்றார் அத்தை. "வெயிலு."

பிறகு நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். தினேஷின் முகம் வெளிறியிருந்தது. அக்கா விரலில் இருந்த மோதிரத்தைத் திருகிக்கொண்டே இருந்தாள்.

"அஞ்சு நிமிஷம் முன்னாடி இவன்கிட்ட என்னா சொன்னேன் தெரியுமா?" என்றார் அத்தை. "திருட்டு போன தட்டுல வெச்சுக் குடுக்குற குடும்பம், இந்தச் சம்பந்தமே நமக்கு வேணாம்னு சொன்னேன்." என்னைப் பார்த்தார். "நீங்க எங்கள திருடங்கனு நெனச்சீங்க. நாங்க உங்கள திருடங்கனு நெனச்சோம். யாரு யார மன்னிக்கிறது? உக்காருங்க, கோப்பி போடறேன்."

அக்காவும் உள்ளே வரக் காலெடுத்து வைத்தாள்.

"நீ வராத! பொண்ணு அங்கயே நில்லு. தாலி ஏறட்டும், அப்புறம் உள்ள வா."

அக்காவுக்குக் கோப்பி வாசலுக்குப் போனது. தினேஷ்தான் எடுத்துப் போனார். அதுவும் போகட்டும் என்று அத்தை கண்டுகொள்ளவில்லை.

உங்களில் யாராவது அந்தச் செயலியை இன்னும் வைத்திருந்தால் தாராளமாகப் பயன்படுத்துங்கள். நல்ல செயலிதான். செய்தி எழுதும்போது 'தயவுசெய்து அழைக்கவும்' என்று எழுதி, எண்ணையும் போடுங்கள். அந்த ஒரு எண் இருந்திருந்தால் இத்தனை ஓட்டம் தேவைப்பட்டிருக்காது. பொருள் எங்கே இருக்கிறது என்று செயலி காட்டும். எப்படிப் போனது என்று காட்டாது. அந்த இடைவெளியை நாம்தான் நிரப்புகிறோம்... பெரும்பாலும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரின் முகத்தை வைத்து.

ஜோசியர் ஜாதகத்தில் பத்துப் பொருத்தமும் பார்த்துச் சொன்னார். இரண்டு குடும்பத்துக்கும் சந்தேகப் பொருத்தம் இவ்வளவு பிரமாதம் என்று மட்டும் மனிதர் சொல்லவே இல்லை!