அரிசிச் சாடி இருந்த இடம்

ஃபாங் டக் மிங் ஏஞ்சல் தீவுக்குப் போக ஒப்புக்கொண்டதே கல்லறைக் கல்லுக்காகத்தான். மகள் லொரேன் வேறு மாதிரி நினைத்துக்கொண்டாள். அப்பாவுக்குக் கடைசியில் மனம் இளகிவிட்டது என்று பூரித்துப்போய், பன்றிக்கறி பன்னும் தெர்மாஸில் தேநீருமாகப் படகுத்துறையில் வந்து நின்றாள்.

மனைவி சூ ஹா போன குளிர்காலத்தில் போய்ச் சேர்ந்திருந்தாள். கோல்மா இடுகாட்டில் மண் இறுகிவிட்டது, இனிக் கல் நட வேண்டியதுதான். புருஷன் பெண்டாட்டி இருவருக்கும் ஒரே கல். உயிரோடு இருப்பவர் பெயரையும் சேர்த்தே வெட்டி, அதற்கு மட்டும் சிவப்புச் சாயம் பூசி வைப்பார்கள். அந்தக் கல்லில் இன்னொரு வழக்கமும் உண்டு, அது சைனாடவுனுக்கு வெளியே பலருக்குத் தெரியாது. ஆங்கிலத்தில் ஒரு குடும்பப் பெயர் இருக்கும், சீனத்தில் வேறொன்று இருக்கும். ஆங்கிலம் சர்க்காருக்கு, சீனம் முன்னோர்களுக்கு. ஆயுள் முழுக்க வாயைப் பொத்திக்கொண்டு இருந்தவன் கல்லில்தான் உண்மை பேசுவான். என்ன பெயர் வெட்ட வேண்டும் என்று திங்கட்கிழமைக்குள் சொல்லிவிடும்படி கல்வெட்டுகிற யீ ஆள் அனுப்பியிருந்தார்.

டக் மிங் ஃபாங்கே இல்லை. அவர் மோய் வம்சம். சீனர்கள் உள்ளே வரக்கூடாது என்று அமெரிக்கா சட்டம் போட்டிருந்த காலம் அது. இங்கே குடியுரிமை உள்ளவனின் பிள்ளை என்றால் மட்டும் விடுவார்கள். ஓக்லாந்தில் சலவைக்கடை வைத்திருந்த ஃபாங் ஒருவன், இல்லாத மகனை இருப்பதாகப் பதிந்துவைத்து, அந்த இடத்தை விற்றான். டக் மிங்கின் அப்பன் வாங்கினான். பத்து வயதில் மோய் வீட்டுப் பையன் ஃபாங் வீட்டுப் பையனாகக் கப்பலேறினான். வந்திறங்கியவர்களை ஏஞ்சல் தீவுக் கட்டடத்தில் அடைத்துவைத்து, சொல்வது மெய்தானா என்று வீட்டு விவரங்களைக் கேட்டுக் குடைவார்கள்.

சூ ஹாவுக்கு இது தெரியும். ஆஸ்பத்திரியில் கடைசியாகத் தெளிவாகப் பேசிய அன்று அவள் கேட்டது இதைத்தான். "கல்லுலயாவது மோய்னு போடுங்க. செத்தும் அடுத்தவன் வீட்டு மருமகளா என்னால கெடக்க முடியாது."

லொரேனுக்குத் தெரியாது. முன்பு ஒருமுறை, உண்மையைச் சொன்னால் மன்னிப்போம் என்று சர்க்கார் அறிவித்தபோது பலர் போய்ச் சொன்னார்கள். டக் மிங் நம்பவில்லை. ஜாக்சன் தெரு உணவுவிடுதியில் வாத்து வெட்டிக்கொண்டு, கதவு தட்டும் சத்தத்துக்கெல்லாம் பின்வாசலைப் பார்த்துக்கொண்டே காலத்தை ஓட்டினார். பள்ளிக்கூட வாத்தியாரம்மா ஆகிவிட்ட மகளோ சின்ன வயதிலிருந்தே பாட்டி எப்படி இருப்பாள், ஊர் எப்படி இருக்கும் என்று நச்சரித்துக்கொண்டிருந்தாள். சாப்பிட்டாயா, தூங்கு என்பதைத் தவிர அவரிடமிருந்து ஒன்றும் பெயரவில்லை. இன்று, தான் படுத்திருந்த கட்டிலைக் காட்டி, அங்கேயே அவளிடம் சொல்லிவிடுவது என்று முடிவு செய்திருந்தார்.

ஏஞ்சல் தீவின் அந்தக் கட்டடத்துக்கு வெள்ளையடித்திருந்தார்கள். மூன்றடுக்குக் கட்டில்களில் மடிப்புக் கலையாத போர்வைகள். யாரும் போடாத சட்டைகள் கொடியில் தொங்கின. சுவரில் அடைபட்டவர்கள் செதுக்கிய பாட்டுகளுக்குக் கண்ணாடி போட்டு விளக்கு வைத்திருந்தார்கள். மூத்திர நாற்றத்தை மட்டும் கொண்டுவர மறந்துவிட்டார்கள் என்று டக் மிங் நினைத்துக்கொண்டார். தன் கட்டில் எது என்று அவரால் கண்டுபிடிக்க முடியவில்லை.

வழிகாட்டிப் பையன் நல்லவன், அதுதான் வினை. விசாரணை எப்படி நடந்தது என்று நடித்துக் காட்டலாமா என்று கூட்டத்தைக் கேட்டான். லொரேன் கையைத் தூக்கி, எங்கப்பாவே இங்கே இருந்தவர்தான் என்றாள். கூட்டம் விலகி வழிவிட்டது. அவர் மறுப்பதற்குள் நாற்காலியில் உட்கார்த்திவிட்டார்கள்.

"தாத்தா, உங்க வீட்டு வாசல் எந்தப் பக்கம் பாத்து இருந்துச்சு?" என்று பையன் சிரித்துக்கொண்டே கேட்டான்.

டக் மிங்கின் முதுகு தானாக நிமிர்ந்தது. "கெழக்கு."

"அரிசி எங்க இருக்கும்?"

"சமையக்கட்டுக் கதவுக்குப் பின்னால. பச்சைச் சாடி. மரமூடி போட்டது."

"அம்மா பேரு?"

"லீ சாய் யூக். பாதத்தத் துணியால கட்டிச் சிறுசாக்காதவ. வலது புருவத்துல தழும்பு இருக்கும்."

எதிர்வீட்டுக்காரன் யார், நாய் என்ன நிறம், கிணறு யாருக்குச் சொந்தம் என்று பையன் கேட்கக் கேட்க அவர் ஒப்பித்துக்கொண்டே போனார். ஒரு சொல் தடுக்கவில்லை. பையன் கைகுலுக்கி, நீங்கள் பாஸ், கரையிறங்கலாம் என்றான். எல்லோரும் கைதட்டினார்கள். லொரேன் அழுதுகொண்டிருந்தாள்.

படகுக்குக் காத்திருந்த பெஞ்சில் அவள் அவர் கையை விடவில்லை. பாட்டிக்குப் புருவத்தில் தழும்பா, எனக்கு ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்றாள். கோடை விடுமுறையில் அந்த ஊருக்குப் போகிறேன், கிழக்குப் பார்த்த அந்த வீட்டைக் கண்டுபிடிக்கிறேன் என்றாள். டக் மிங் தேநீரை அப்படியே கீழே வைத்தார்.

"அதெல்லாம் பொய்ம்மா," என்றார். "அப்பிடி ஒரு வீடே கெடையாது. அப்பிடி ஒரு அம்மாவும் கெடையாது. நாம ஃபாங் இல்ல. மோய்."

பிறகு எல்லாவற்றையும் சொன்னார். கப்பலேறுவதற்கு முந்திய மாதங்களில் அந்தப் பொய்யை அவருக்குச் சொல்லிக்கொடுத்தது பெற்ற தாயேதான். இடத்தை விற்றவன் அனுப்பிய கேள்வி-பதில் தாளை எழுத்துத் தெரிந்த ஒருவரிடம் வாசிக்கக் கேட்டுத் தான் முதலில் மனப்பாடம் செய்துகொண்டு, அடுப்படியில் அவரை உட்காரவைத்துக் கேட்பாள். அரிசி எங்கே என்றதும் சின்ன டக் மிங் கண்ணெதிரே இருந்த நிஜச் சாடியைக் கைகாட்டுவான். கன்னத்தில் விழும் அறை. உன் அம்மா யார் என்பாள். "நீதான்" என்பான். அதற்கு இன்னும் பலமாக விழும். ஒருநாள் தடங்கலில்லாமல், அவள் முகத்தைப் பார்த்தே, லீ சாய் யூக் என்றான். அன்றைக்கு அவள் அவனுக்கு முட்டை பொரித்துப் போட்டாள், தான் சாப்பிடவில்லை.

லொரேன் மெதுவாகக் கேட்டாள். "அப்போ நெஜப் பாட்டி பேரு என்னப்பா?"

டக் மிங்குக்கு அது தெரியாது. பிள்ளைகள் அம்மாவைப் பேர் சொல்லும் வழக்கம் அந்த ஊரில் கிடையாது. ஊராரும் மோய் வீட்டுக்காரி என்றுதான் கூப்பிட்டார்கள். கடிதங்களை யாராவது பிரித்துப் படித்துவிடுவார்கள் என்று தன்னை அத்தை என்றே எழுதச் சொல்லி அனுப்பினாள். அங்கே போர் மூண்டதும் அதுவும் நின்றது.

"அம்மான்னுதான் கூப்புடுவோம்," என்றார்.

"பாக்க எப்படி இருப்பாங்க?"

அவர் கண்ணை மூடிக்கொண்டார். புருவத்தில் தழும்போடு ஒருத்தி வந்து நின்றாள். அவளை விரட்டிவிட்டு மறுபடி தேடினார். அடுப்படி வந்தது, விழுந்த அறை வந்தது. தன் வீட்டு அரிசிச் சாடியை யோசித்தார். அது பச்சையாக, மரமூடி போட்டு, கதவுக்குப் பின்னால் இருந்தது. தான் கைகாட்டியது எந்தப் பக்கம் என்று எவ்வளவு முட்டியும் பிடிபடவில்லை. அறுபதைத் தாண்டிய மனிதர், மகள் பக்கத்தில் உட்கார்ந்து சத்தமில்லாமல் அழுதார்.

படகு வந்தது. கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போதுதான், சூ ஹா கல்லில் மோய் என்று போடச் சொல்லியிருப்பதையும் அவளிடம் சொன்னார். லொரேன் அதைக் கேட்டுவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். கோபமாகச் சொல்லியிருந்தால்கூட அவர் தாங்கியிருப்பார்.

"ஃபாங்னே இருக்கட்டும்பா. அதுலயாவது எனக்கு ஒரு பாட்டி இருக்காங்க."

திங்கட்கிழமை அவர் யீயின் பட்டறைக்குத் தனியாகப் போனார். யீக்கு விஷயம் தெரியும். அந்தப் பட்டறைக்கு வருகிற முக்கால்வாசிப் பேருக்கு இதுதான் கதை. சீனத்தில் என்ன போடட்டும் என்று கேட்டார்.

"ஃபாங்," என்றார் டக் மிங்.

யீ அவரை ஒருதரம் ஏறிட்டுப் பார்த்தார். பிறகு கல்லில் எழுத்தைக் குறித்துக்கொண்டு, சிவப்புச் சாய டப்பாவை எடுத்து வைத்தார்.